புகை போகட்டும், தொழிலாளி போகலாகாது!

2025-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பஸ்கள் கொடியசைத்து அனுப்பிவைக்கப்பட்டன. கரும்புகை இல்லை, டீசல் நாற்றம் இல்லை, காதைப் பிளக்கும் இரைச்சல் இல்லை. நகரம் மகிழ்ந்தது, நாமும் மகிழ்ந்தோம். சரியாக மூன்று மாதம் கழித்து, செப்டம்பர் 30-ஆம் தேதி, அதே வடசென்னைப் பகுதியின் வடகோடியில், எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல் மின்நிலையக் கட்டுமானத்தில், உயரத்தில் அமைத்துக்கொண்டிருந்த இரும்புக் கட்டமைப்பு சரிந்து 9 தொழிலாளர்கள் மாண்டார்கள். அசாமிலிருந்தும் அதன் பக்கத்துச் சீமைகளிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள். பிழைக்க வந்தவர்கள் பிணமாக ஊர் திரும்பினார்கள்.

முதல் செய்தி, வரப்போகும் காலத்தைப் பற்றியது. இரண்டாவது செய்தி, போகவேண்டிய காலத்தைப் பற்றியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் சிலரே. நாம் வைத்துப் பார்க்கிறோம். புதிய மின்சாரப் பஸ்ஸின் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் மாநகர்ப் போக்குவரத்துக் கழகத்தின் ஊழியர் அல்லர். ஒப்பந்தம் எடுத்த தனியார் கம்பெனியின் ஆள். நடத்துநர் கழகத்தவர், ஓட்டுநர் கம்பெனிக்காரர். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் கம்பெனிக்கு அளந்து கொடுக்கிறது. பழைய முறை அனல் மின்நிலையத்தின் சாரத்தில் ஏறி நின்ற அசாம் தொழிலாளியோ காண்டிராக்ட் ஆள். மின்சாரம் பிறக்கும் முறை மாறுகிறது. மின்சாரத்தைச் செலவிடும் முறை மாறுகிறது. உழைப்பை வாங்கும் முறை மட்டும் மாறவில்லை! இன்று நாம் எடுத்துப் பேச வந்த விஷயம் இதுதான்.

மாற்றம் ஏன் வேண்டும்?

முதலில் அடிப்படையைத் தெளிவாக்கிக்கொள்வோம். நிலக்கரியை எரித்து ஒரு யூனிட் மின்சாரம் எடுத்தால் ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு வானத்துக்குப் போகிறது. போனது போய்விடுவதில்லை. போர்வை போல் பூமியின் மேல் தங்கி, பகலில் பெற்ற வெப்பத்தை வெளியே போகவிடாமல் பிடித்துவைக்கிறது. தொழிற்புரட்சிக்கு முந்திய நிலையோடு ஒப்பிட்டால், 2024-ஆம் ஆண்டின் உலகச் சராசரி வெப்பம் சுமார் 1.55 டிகிரி கூடுதல் என்று உலக வானிலை அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. அளவெடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து அதைவிடச் சூடான ஆண்டு அதற்கு முன் இருந்ததில்லை.

ஒன்றரை டிகிரிதானே என்று அலட்சியம் செய்யலாகாது. நம் உடம்பின் சூடு ஒன்றரை டிகிரி ஏறினால் அதற்குப் பெயர் காய்ச்சல். கடல் சூடேறினால் புயலுக்குத் தீனி கூடுகிறது. காற்று சூடேறினால் அது சுமக்கும் ஈரம் கூடுகிறது. அந்த ஈரம் ஒரே நாளில் கொட்டினால் வெள்ளம். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையில் என்ன செய்தது என்பதை வடசென்னைவாசிக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இனி நம் வட்டாரத்தின் கணக்குக்கு வருவோம். வடசென்னை அனல் மின்நிலையத்தின் முதல் கட்டம் 630 மெகாவாட். இரண்டாம் கட்டம் 1,200 மெகாவாட். 2024 மார்ச் 7-இல் தொடங்கிவைக்கப்பட்ட மூன்றாம் கட்டம் 800 மெகாவாட். வல்லூரில் 1,500 மெகாவாட். கூட்டிப் பாருங்கள்: 4,130 மெகாவாட். கட்டுமானத்தில் உள்ள எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல நிலையம் 1,320 மெகாவாட், அது தனி. ஆயிரம் மெகாவாட் நிலையம் ஒன்று நாள் முழுவதும் முழுமூச்சாக ஓடினால் சுமார் 15,000 டன் நிலக்கரி வேண்டும். ஒடிசாவின் தால்ச்சேரில் வெட்டிய கரி ரயிலேறிப் பாராதீப் போய், கப்பலேறி எண்ணூர் வந்து, கன்வேயரில் ஓடி பாய்லருக்குள் விழுகிறது. நம் நாட்டுக் கரியில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ சாம்பல். ஆக, ஆயிரம் மெகாவாட்டுக்கு நாளொன்றுக்கு 5,000 டன் சாம்பல். அந்தச் சாம்பல் எங்கே போகிறது?

விளக்கு ஓரிடம், சாம்பல் ஓரிடம்

மின்சாரம் கம்பியேறித் தமிழகமெங்கும் போகிறது. அண்ணாநகருக்கும் போகிறது, கோவை ஆலைக்கும் போகிறது. சாம்பல் மட்டும் எங்கும் போவதில்லை. குழாய் வழியே சேறாகச் சாம்பல் குட்டைக்கு வருகிறது. குழாய் உடைந்தால் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்துக்கு வருகிறது. செப்பாக்கம் கிராமத்தைக் கேளுங்கள், காற்றடித்தால் சோற்றில் என்ன விழுகிறது என்று. காட்டுக்குப்பத்தைக் கேளுங்கள், முகத்துவாரக்குப்பத்தைக் கேளுங்கள், சிவன்படைக்குப்பத்தைக் கேளுங்கள், இறால் கிடைத்த கழிமுகத்தில் இன்று கால் வைத்தால் எதில் புதைகிறது என்று. பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்குப் போய், நிபுணர் குழுக்கள் வந்து, அறிக்கைகளும் வந்துவிட்டன. சாம்பல் அங்கேதான் கிடக்கிறது.

எண்ணூர்க் கழிமுகம் வெறும் மீன்பிடி இடம் மட்டுமல்ல. மழைக்காலத்தில் கொசஸ்தலையாற்று வெள்ளம் கடலுக்கு வடியும் வாசல் அது. வாசலைச் சாம்பலால் மேடாக்கி, சதுப்பு நிலத்தை மண் கொட்டி நிரப்பிவிட்டு, பிறகு வெள்ளம் வந்துவிட்டதே என்று வானத்தைப் பழிப்பதில் பயன் என்ன? பருவநிலை மாறுகிறது என்பது உண்மை. மாறிவரும் பருவநிலையைத் தாங்கும் அரணை நம் கையாலேயே இடித்தோம் என்பதும் அதே அளவு உண்மை.

இந்தத் தலைகீழ்க் கணக்கு இன்று நேற்று வந்ததல்ல. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளைக்காரன் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலில் கல்சுவர் எழுப்பினான். இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது வழக்கம். சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வராமல் ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடல் கரையைத் தின்றது. தெற்கே உலாவ ஒரு கடற்கரை. வடக்கே வீடிழந்த மீனவன். ஒரே சுவர்தான் இரண்டையும் செய்தது!

2011-இல் நடந்ததையும் நினைவூட்டுகிறோம். சென்னைத் துறைமுகத்தில் கரியும் இரும்புத்தாதும் இறக்கியதால் பறந்த தூள், நகரத்தாருக்கும் உயர்நீதிமன்ற வட்டாரத்துக்கும் தொல்லையாயிற்று. வழக்கு வந்தது, உயர்நீதிமன்றம் ஆணையிட்டது, அவ்வாண்டு அக்டோபர் முதல் அந்தச் சரக்கு நின்றது. நல்ல தீர்ப்புத்தான். ராயபுரத்துக் குழந்தைகளின் மூச்சுக்கு நல்லதுதான். ஆனால் தூள் ஒழிந்ததா? ஒழியவில்லை, எண்ணூருக்குக் குடிபெயர்ந்தது. அந்தச் சரக்கை நம்பி நின்ற துறைமுகத் தொழிலாளியின் வேலை என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. தூளுக்கு மாற்று இடம் பார்த்தவர்கள், தோளுக்கு மாற்று வேலை பார்க்கவில்லை.

இரண்டு தவறான குரல்கள்

இந்நிலையில் நம் தோழர்களின் காதில் இரண்டு குரல்கள் விழுகின்றன.

முதல் குரல் சொல்கிறது: “பருவநிலை மாற்றம் என்பது மேல்நாட்டான் பேச்சு. இருநூறு வருஷம் கரியை எரித்துக் கொழுத்தவன், நாம் எரிக்கும்போது மட்டும் தடுக்கிறான். கரி இருந்தால் வேலை உண்டு. கரி போனால் வேலை போகும்.” இதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் இது ஆபத்தான குரல். மேல்நாட்டான் எரித்தது உண்மை. அவன் கடன்பட்டிருக்கிறான் என்பதும் உண்மை. ஆனால் வெள்ளம் வரும்போது அது யார் எரித்த கரியின் விளைவு என்று பார்த்து வருவதில்லை. கொருக்குப்பேட்டைக் குடிசைக்குள்ளும் எர்ணாவூர்க் குடியிருப்புக்குள்ளும் புகுந்த தண்ணீர், லண்டன் முதலாளி வீட்டுக்குள் புகவில்லை. மேலும், கரி நிலையம் இருப்பதனாலேயே வேலை நிலைக்கும் என்பது கனவு. 1970-இல் தொடங்கிய 450 மெகாவாட் எண்ணூர் அனல் மின்நிலையம் 2017 மார்ச் 31-ஆம் தேதியோடு மூடப்பட்டது. பசுமைவாதிகள் மூடவில்லை, வயதாகிவிட்டது, கட்டுப்படியாகவில்லை என்று மின்வாரியமே மூடிற்று. இயந்திரத்துக்கு வயதாகும், கணக்குப் பார்ப்பவன் அதை மூடுவான். அந்த நாளுக்குத் தயாராக இருந்தோமா என்பதுதான் கேள்வி.

இரண்டாவது குரல் சொல்கிறது: “எல்லா அனல் மின்நிலையங்களையும் நாளைக்கே பூட்டு.” இக்குரலில் நேர்மை இருக்கலாம், கணக்கு இல்லை. காற்றாலைக்குத் தமிழகம் புதிதல்ல. 1986-லேயே தூத்துக்குடி முள்ளக்காட்டில் காற்றாலை சுழன்றது. இன்று முப்பந்தல், கயத்தாறு, பல்லடம் என்று பரந்து, நாட்டின் முன்னணி மாநிலங்களில் ஒன்றாக நிற்கிறோம். சூரிய மின்சாரம் இப்போது புதிய கரி நிலைய மின்சாரத்தைவிட மலிவு. ஆனால் காற்று மே முதல் செப்டம்பர் வரை பலமாக வீசும், பிறகு தளரும். சூரியன் மாலையில் போய்விடும். நம் வீட்டு விளக்கோ மாலையில்தான் எரியும். பகலில் மிஞ்சுவதை இரவுக்குச் சேர்த்துவைக்க வழி வேண்டும்.

வழி இருக்கிறது. ஆனைமலையில் காடம்பாறை நீரேற்று மின்நிலையம் 1980-களிலிருந்து இதைச் செய்துவருகிறது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழ் அணைத் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றுவது. தேவைப்படும் நேரத்தில் அதைக் கீழே விட்டு 400 மெகாவாட் எடுப்பது. குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இதே போல் கட்டுகிறார்கள். இன்னொரு வழி, பெரிய பேட்டரிகள். அவற்றின் விலை ஆண்டுக்கு ஆண்டு இறங்குகிறது. ஆக, மாற்றம் நடக்கும். ஒரே இரவில் நடக்காது. பத்து, இருபது ஆண்டுகளில் படிப்படியாக நடக்கும். அந்தப் படிகளை யார் கட்டுகிறார்கள், எந்தப் படியில் தொழிலாளியை உதறுகிறார்கள் என்பதில்தான் நம் கண் இருக்கவேண்டும்.

டிராம் சொல்லும் பாடம்

மின்சார வண்டி சென்னைக்குப் புதிது என்று எண்ணுகிறார்கள். 1895 மே 7-ஆம் தேதி இந்நகரில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிற்று. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் அது. துறைமுகத்தையும் நகரின் உள்பகுதிகளையும் இணைத்து, மூட்டை தூக்குபவனையும் குமாஸ்தாவையும் அரை நூற்றாண்டுக்கு மேல் சுமந்தது. கம்பெனி நொடித்தது. 1953 ஏப்ரல் 12-ஆம் தேதி டிராம் நின்றது. வண்டியோடு வேலையும் நின்றது. தண்டவாளம் தாருக்கடியில் புதைந்தது. எழுபத்திரண்டு ஆண்டுகள் நகரம் டீசல் புகையைக் குடித்துவிட்டு, மறுபடி மின்சார வண்டிக்கு வந்திருக்கிறது!

நல்ல பொருளேயானாலும், லாபக் கணக்கை மட்டும் நம்பி அது நின்றால், லாபம் குறைந்த அன்று அது போய்விடும். அதை ஓட்டியவனும் போய்விடுவான். டிராம் சொல்லும் பாடம் இது. இன்று 120 பஸ்ஸோடு தொடங்கியது 625 பஸ்ஸாகும் என்று திட்டம் சொல்கிறது. ஆகட்டும், இன்னும் ஆகட்டும்! ஆனால் டீசல் பஸ் ஒவ்வொன்றாகக் கழிய, அதனோடு கழகத்தின் நிரந்தர ஓட்டுநர் வேலையும் ஒவ்வொன்றாகக் கழிந்து, எல்லா ஸ்டியரிங்கும் ஒப்பந்தக் கையில் சேருமானால், அதை முன்னேற்றம் என்று யாருக்காகச் சொல்வது? புகையில்லா வண்டிக்கு உரிமையில்லா ஓட்டுநரா?

இன்னொன்றையும் மறக்கலாகாது. வியாசர்பாடியில் சார்ஜ் ஏறும் பஸ்ஸில் புகை இல்லை. அந்தச் சார்ஜுக்கு வரும் மின்சாரத்தில் கரி மின்சாரமும் கலந்திருக்கிறது. கரி எரியும் வரை, அண்ணா சாலையில் ஒழிந்த புகையில் ஒரு பகுதி எண்ணூரில் எழும். வண்டியை மாற்றினால் மட்டும் போதாது. மின்சாரத்தின் பிறப்பிடத்தையும் மாற்றவேண்டும்.

புதியது என்றாலே தீங்கற்றது என்றும் நம்பிவிடக் கூடாது. உலகத் துறைமுகங்களில் இன்று பேசப்படும் புதிய கப்பல் எரிபொருள்களில் ஒன்று அம்மோனியா. எரித்தால் கரியமில வாயு வராது, உண்மை. ஆனால் 2023 டிசம்பர் 26-ஆம் தேதி இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் வரும் குழாயிலிருந்து கசிந்ததும் அம்மோனியாதான். மூச்சுத் திணறி மக்கள் நள்ளிரவில் ஓடினார்கள். நாளை ‘பசுமை அம்மோனியா’ என்று பெயர் சூட்டி வந்தாலும் மூக்குக்கு அது அதே அம்மோனியா. குழாய்க்கு யார் காவல், சைரன் எங்கே, ஓடும் வழி எது என்பதைக் குப்பத்து மக்களிடம் சொல்லி, ஒத்திகை பார்த்த பிறகே எதையும் கொண்டுவரவேண்டும்.

உலகம் காட்டும் இரு வழிகள்

கரியை விட்ட நாடுகள் உண்டு. எப்படி விட்டன என்று பார்ப்போம்.

பிரிட்டனில் 1984 மார்ச் முதல் 1985 மார்ச் வரை சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சுரங்கங்களை மூடாதே என்றார்கள். தாட்சர் சர்க்கார் போலீசைக் கொண்டும் பசியைக் கொண்டும் அவர்களை முறியடித்தது. சுரங்கங்களை மளமளவென்று மூடியது. மாற்று வேலை ஏற்பாடு இல்லாமல் ஊர் ஊராகப் பாழாயின. 2024 செப்டம்பர் 30-இல் அந்நாட்டின் கடைசிக் கரி மின்நிலையமும் மூடப்பட்டது. புகை ஒழிந்தது; ஆனால் அந்தச் சுரங்க ஊர்களின் காயம் நாற்பது ஆண்டு கழித்தும் ஆறவில்லை.

ஜெர்மனியின் ரூர் வட்டாரத்திலும் சுரங்கம் மூடப்பட்டது. ஆனால் 2007-இல் சர்க்கார், கம்பெனி, தொழிற்சங்கம் மூவரும் உட்கார்ந்து உடன்பாடு கண்டார்கள்: 2018-க்குள் மூடுவது, கட்டாய ஆட்குறைப்பு இல்லாமல் மூடுவது. மூத்தவர்களுக்கு முன்கூட்டியே ஓய்வூதியம். இளையவர்களுக்கு வேறு தொழில் பயிற்சி. 2018 டிசம்பரில் போட்ரோப் நகரில் கடைசிச் சுரங்கம் மூடியபோது தொழிலாளி கண்கலங்கினான். ஆனால் தெருவில் நிற்கவில்லை. பதினோரு ஆண்டு முன்னதாகவே பேசியதன் பலன் அது. சங்கம் வலுவாக இருந்ததன் பலன் அது. 2015 பாரிஸ் ஒப்பந்தத்தின் முகவுரையிலும், மாற்றத்தில் தொழிலாளிக்கு நியாயம் வேண்டும் என்ற வாசகம் இடம்பெற்றது சங்கங்கள் உலகளவில் வாதாடியதால்தான்.

“ஜெர்மனியில் பணம் இருக்கிறது, நம்மிடம் எங்கே?” என்று கேட்பார்கள். பதில் வைத்திருக்கிறோம். 2010 முதல் மத்திய சர்க்கார் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் தூய எரிசக்தி வரி வாங்கிற்று. 2016-இல் அது 400 ரூபாயாயிற்று. வாங்கியது தூய எரிசக்தியின் பெயரால். அதில் பெரும் பகுதி அந்தக் காரியத்துக்குப் போய்ச் சேரவில்லை. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அது மாநிலங்களுக்கான இழப்பீட்டு வரியாக மாற்றப்பட்டது. 2025 செப்டம்பரில் அதையும் எடுத்துவிட்டு, நிலக்கரிக்கான ஜி.எஸ்.டி.யை 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக்கினார்கள். பெயர் மாறியது, பை மாறியது. கரித்தூளைச் சுவாசித்தவன் வீட்டுக்கு அதிலிருந்து ஒரு காசு வந்ததா?

கரி வெட்டும் மாவட்டத்துக்கு 2015 முதல் மாவட்டக் கனிம அறக்கட்டளை என்று ஒரு நிதி உண்டு. கரியை எரித்து, சாம்பலைச் சுமக்கும் ஊருக்கு அப்படி நிதி கிடையாது. ஏன் கிடையாது? எண்ணூர் வட்டாரத்து 4,000 மெகாவாட், தன் திறனில் நூற்றுக்கு அறுபது பங்கு ஓடினாலே ஆண்டுக்கு 2,100 கோடி யூனிட். யூனிட்டுக்கு ஒரே ஒரு பைசா ஒதுக்கினால் 21 கோடி ரூபாய். ஐந்து பைசா ஒதுக்கினால் 105 கோடி! மிக்ஜாம் வெள்ளத்தில் மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் வந்து கழிமுகத்தை மூடியபோது, 9,001 குடும்பங்களுக்கும் 787 படகுகளுக்கும் சேர்த்து அறிவித்த நிவாரணம் 8 கோடியே 68 லட்சம். குடும்பத்துக்கு 12,500 அல்லது 7,500 ரூபாய்; படகுக்கு 10,000. அந்த எண்ணெயை வாளியாலும் கையாலும் அள்ளியவர்களும் மீனவர்கள்தாம். யூனிட்டுக்கு ஒரு பைசா என்பது அந்த நிவாரணத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல், ஒவ்வோர் ஆண்டும். பணம் இல்லை என்பது பொய். மனம் இல்லை என்பதே மெய்.

வெயிலும் கூரையும்

மாற்றம் வருமுன்னே சூடு வந்துவிட்டது. கப்பலின் இரும்புத் தளத்தில் நிற்பவன், கண்டெய்னர் யார்டில் லாரிக்குக் காத்திருப்பவன், உப்பளத்தில் குனிந்திருப்பவள், பாய்லர் பக்கத்தில் ஷிப்ட் பார்ப்பவன் ஆகிய இவர்களுக்குப் பருவநிலை மாற்றம் கருத்தரங்கப் பொருள் அல்ல. நடு முதுகில் விழும் அடி. தமிழக அரசாங்கம் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் என்றது. வரவேற்கிறோம். ஆனால் செத்த பின் வரும் 4 லட்சத்தைவிட, சாகாமலிருக்க நடுப்பகலில் கிடைக்கும் இரண்டு மணி நேர நிழலும் தண்ணீரும் மேல் அல்லவா? கூலி பிடிக்காமல் அந்த ஓய்வைக் கொடுக்க காண்டிராக்டர் தானாக முன்வருவானா? சட்டம் வேண்டும், சட்டத்தை அமலாக்க சங்கம் வேண்டும்.

கூரைக்கு வருவோம். வீட்டுக் கூரையில் சூரியத் தகடு வைத்தால் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் என்று 2024-இல் மத்திய சர்க்கார் திட்டம் கொண்டுவந்தது. சொந்த வீடும், சொந்த மாடியும், மீதிப் பணத்தைப் போடக் கையில் முதலும் இருப்பவருக்கு நல்ல திட்டம். காசிமேட்டில் வாடகை அறையில் இருப்பவருக்கு? வாரியக் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் இருப்பவருக்கு? அவருக்கு மாடி பொது. வாரியக் கட்டிடங்களின் மொட்டைமாடி முழுவதும் அரசாங்கமே தகடு பதித்து, வரும் மின்சாரத்தை அங்குக் குடியிருப்போர் கணக்கில் சமமாகப் பிரித்து வரவு வைக்கட்டும். அந்தத் தகட்டின் நிழலே மேல்மாடி வீட்டின் சூட்டையும் குறைக்கும். ஒரே செலவில் இரண்டு பயன்.

நாம் கேட்பது என்ன?

ஒன்று: கரி நிலையம் எதுவாயினும், மூடும் தேதியை ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே சொல். நிரந்தரத் தொழிலாளிக்கு மாற்று ஊர் உத்தரவு கிடைக்கிறது. கரி தள்ளியவனுக்கும், சாம்பல் வாரியவனுக்கும், கேண்டீனில் வேலை செய்தவளுக்கும் ஓர் உத்தரவும் கிடைப்பதில்லை. ஒப்பந்தத் தொழிலாளியின் பெயரையும் பட்டியலில் சேர்.

இரண்டு: பழைய மின்நிலைய மனையில் நிலம் இருக்கிறது, சுவிட்ச்யார்டு இருக்கிறது, உயர் அழுத்தக் கம்பி இருக்கிறது. பேட்டரி நிலையத்துக்கு வேண்டியவை இவைதாம். எண்ணூரில் மூடிய நிலையத்தின் பக்கத்தில் மறுபடி 660 மெகாவாட் கரி அலகு என்று 2024 டிசம்பரில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தினார்கள். கரிக்குப் பதில் அங்கே மின்சாரச் சேமிப்பு வரட்டும். அதில் முதல் வேலை உள்ளூர் இளைஞருக்கு, பயிற்சியோடு, நிரந்தரமாக.

மூன்று: மின்சாரப் பஸ் அரசுக் கழகத்தின் பஸ்ஸாக ஓடட்டும், ஓட்டுநர் கழகத்தின் ஊழியராக இருக்கட்டும்.

நான்கு: யூனிட்டுக்கு ஐந்து பைசா எண்ணூர் மீட்பு நிதிக்கு. முதல் செலவு, கழிமுகத்துச் சாம்பலை அள்ளி வெள்ளத்துக்கு வாசல் திறப்பது. அந்த வேலைக்குக் கூலி அந்தக் குப்பத்து மக்களுக்கே.

ஐந்து: கட்டுமானத்தில் சாரம் ஏறும் ஒவ்வொருவருக்கும், அவர் எந்த மொழி பேசினாலும், தமிழ்த் தொழிலாளிக்கு உள்ள அதே பாதுகாப்பு, அதே கூலி, அதே சங்க உரிமை. செப்டம்பர் 30-இல் விழுந்த ஒன்பது பேரையும் அந்நியர் என்று ஒதுக்கினால், நாளை விழப்போவது நாம்.

இவை தானாக வந்துவிடா. ஒவ்வொரு கிளைத் தோழரும் தம் வட்டாரத்தில் கணக்கெடுக்கவேண்டும்: அனல் மின்நிலையத்திலும் துறைமுகத்திலும் பணிமனையிலும் ஒப்பந்தத்தில் இருப்போர் எத்தனை பேர், பி.எப். உண்டா, ஈ.எஸ்.ஐ. உண்டா, எந்தக் காண்டிராக்டர் கீழ் எத்தனை வருஷம்? மூடும் நாளில் “நீ இங்கே வேலை செய்தாய் என்பதற்கு ஆதாரம் எங்கே?” என்று கேட்பார்கள். அந்த ஆதாரத்தை இன்றே சேர்த்துவைப்பதுதான் முதல் போராட்டம். மீனவர் சங்கமும் தொழிற்சங்கமும் இதுவரை வேறு வேறு மேடையில் நின்றன. புகையை மூடு என்றது ஒரு மேடை, வேலையைக் காப்பாற்று என்றது மற்றொரு மேடை. இரண்டு மேடையையும் ஒன்றாக்குங்கள். ஒரே வீட்டில் அண்ணன் கடலுக்குப் போகிறான், தம்பி மின்நிலையத்துக்குப் போகிறான். அவர்களைப் பிரித்துவைப்பது யாருக்கு லாபம் என்று யோசியுங்கள்.

1918-இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கண்ட மண் இது. எட்டு மணி நேரத்தையும் வார விடுமுறையையும் யாரும் தாம்பாளத்தில் வைத்து நமக்குத் தரவில்லை. கேட்டோம், நின்றோம், பெற்றோம். காற்றும் வெயிலும் கூலி கேட்காமல் மின்சாரம் தரும் காலம் வருகிறது. அந்தக் காலத்தைக் கட்டும் கைக்கு உரிய கூலியையும் உரிமையையும் இப்போதே எழுதி வாங்குவோம். புகை போகட்டும்; தொழிலாளி போகலாகாது!